கிணறு, மலை, பால் தூக்கு: காவேரிப்பட்டணம் பக்கத்தில் 12 நாள்

கடந்த ஆண்டு மே மாத விடுமுறைக்குச் சென்னையிலிருந்து அம்மா வீட்டுக்குப் புறப்பட்டபோது, பெட்டியில் நான் முதலில் எடுத்து வைத்தது நடைப்பயிற்சிக்கென்று வாங்கிய காலணிகளைத்தான். 12 நாள் கழித்துத் திரும்பி வந்து பெட்டியைப் பிரித்தபோது, அவற்றைச் சுற்றிய செய்தித்தாள்கூடக் கலையாமல் வைத்த இடத்திலேயே இருந்தன. அந்த 12 நாளும் விருந்து, மாம்பழம், பகல் தூக்கம், மாலையில் திண்ணைப் பேச்சு என்றே கழிந்திருந்தன. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் என்னுடைய ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1 சதவீதம் என்று வந்திருந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசற்படியில் நிற்கிறோம் என்று பொருள். அப்பாவுக்கு 20 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருப்பதால் அந்த வாசற்படிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை நான் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவள். ஆகவே அந்தக் காலணிகளைக் கையில் எடுத்தபோது எனக்கு உண்மையாகவே கவலை வந்தது.

ஏன் நடக்கவில்லை என்று பிறகு பல நாள் யோசித்தேன். சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது மட்டும் காரணம் அல்ல. சென்னையில் என் நடைக்கு ஒரு கட்டமைப்பு இருக்கிறது. ஐந்தரை மணிக்கு அலாரம், தெருமுனைப் பூங்கா, தினமும் எதிர்ப்படும் அதே பத்துப் பேர் என்று எல்லாம் சேர்ந்துதான் என்னை நடத்துகின்றன. ஊரில் அவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. ஐந்தரை மணிக்கு அங்கே எல்லோரும் சாணம் அள்ளிக்கொண்டும் பால் கறந்துகொண்டும் இருக்கும்போது, காலணி மாட்டிக்கொண்டு சாலையில் வேகமாகப் போகும் பெண்ணைப் பார்ப்பவர்கள் எல்லாம் “எங்கம்மா போற, இந்நேரத்துல?” என்று அக்கறையோடு கேட்பார்கள். எங்கும் போகவில்லை, சும்மா நடக்கிறேன் என்ற பதில் எனக்கே பொருத்தமில்லாமல் ஒலித்தது. அந்த ஊரில் நடை என்பது ஓரிடத்துக்குப் போவதற்காக, ஒரு வேலைக்காக நடப்பது. நகரத்துப் பயிற்சியை ஊருக்குச் சுமந்துகொண்டு போனதுதான் தவறு என்று எனக்குத் தோன்றியது. இந்த ஆண்டு காலணிகளை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஊரில் உடம்பு எதற்காகவெல்லாம் அசைகிறதோ அதில் போய்ச் சேர்ந்துகொள்வது என்று முடிவு செய்தேன்.

எங்கள் ஊர் காவேரிப்பட்டணத்தை ஒட்டியது. கிருஷ்ணகிரி அணையின் கால்வாய்ப் பாசனம் பெறும் ஊர். தம்பி வீட்டில் இரண்டு கறவை மாடுகள் இருக்கின்றன. காலையும் மாலையும் பாலைச் சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். தம்பி அதை டிவிஎஸ் 50 வண்டியில் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவான். நாங்கள் இருக்கும் வரை அந்த வேலை எங்களுக்கு என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். முதலில் சிரித்த தம்பி, இரண்டாம் நாளிலிருந்து தூக்கைக் கழுவித் திண்ணையில் தயாராக வைக்கத் தொடங்கினான்.

வீட்டிலிருந்து சொசைட்டிக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக இருக்கும். பால் நிறைந்த தூக்கை நானும், 12 வயது மகளும், 9 வயது மகனும் மாற்றி மாற்றிச் சுமந்தோம். ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த மின்கம்பம் வரை ஒருவர், அதன் பிறகு கை மாற்ற வேண்டும் என்பது மகன் வகுத்த விதி. அவன் முறை வரும்போது தூக்கின் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, பால் தளும்பாமல் குறுகிய அடிகளாக வைத்து, அடுத்த கம்பத்தை எட்டியதும் கீழே வைத்துவிட்டுச் சிவந்த உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பான். நான்காம் நாள் முதல் அவன் ஒரே மூச்சில் இரண்டு கம்பங்களைக் கடந்தான். திரும்பும்போது தூக்கு காலி என்பதால் கால்வாய்க் கரை வழியாகக் கொஞ்சம் ஓட்டமும் கொஞ்சம் நடையுமாக வருவோம். போக வர அரை மணி நேரம், நாளைக்கு இரண்டு முறை.

கணக்குப் பார்த்தால் அது வாரத்துக்கு 420 நிமிடம். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்புச் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. முன்பெல்லாம் ஒரே தடவையில் குறைந்தது 10 நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் அது கணக்கில் வரும் என்று சொல்லியிருந்தார்கள். 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டார்கள். விடுமுறையில் இருப்பவர்களுக்கு இது மிகவும் உதவும் செய்தி என்பதால்தான் இங்கே சொல்கிறேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நாலு நிமிடம், மொட்டை மாடியில் வற்றல் காயவைக்க ஏறி இறங்க மூன்று நிமிடம் என்று சில்லறையாகச் சேர்வதும் சேமிப்புதான். காலடிகளை எண்ணும் கைக்கடிகாரத்தையும் நான் இந்த முறை கழற்றி வைத்துவிட்டேன். நாளைக்கு 10,000 அடி என்ற இலக்கு மருத்துவத்திலிருந்து பிறந்ததே அல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் பெயரிலிருந்து பரவியது அது. அந்த எண்ணைத் துரத்துவதை நிறுத்திய பிறகு, கால்வாயில் கொக்கு நிற்பதைப் பார்க்கச் சற்று நின்றால்கூட எனக்குக் குற்ற உணர்ச்சி வரவில்லை.

மே மாதம் மாந்தோப்புகளில் வேலை தொடங்கும் காலம். கிருஷ்ணகிரி என்றாலே பழக்கூழ் ஆலைகளுக்குப் போகும் பெங்களூரா மாங்காய்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதன் மூக்கைப் பார்த்து எங்கள் பக்கம் கிளிமூக்கு என்போம். சித்தப்பா தோப்பில் செந்தூராவும் இருக்கிறது. துரட்டியால் காயைக் காம்போடு சேர்த்துப் பறித்து, வலையில் விழவைத்து, தரையில் தொடாமல் இறக்க வேண்டும். காம்பு ஒடிந்தால் வழியும் பால் காயின் தோலில் பட்டுக் கறுத்துவிடும், நம் தோலில் பட்டாலும் புண்ணாக்கிவிடும். இரண்டு மணி நேரம் அண்ணாந்து துரட்டி பிடித்துக் குனிந்து கூடையில் அடுக்கியதில் தோளும் முதுகும் எவ்வளவு வேலை செய்தன என்பதை அன்று இரவு தூக்கம் வந்த வேகத்திலேயே தெரிந்துகொண்டேன்.

மாலையில் களத்தில் பிள்ளைகளின் ஆட்டம். பிள்ளைகளுக்கு நாளைக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்பார்கள். சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளோடு நொண்டியும் கில்லியும் கபடியும் ஆடியதில் அது அவர்கள் அறியாமலே நிறைந்தது. நான் நொண்டி மட்டும் ஆடினேன். ஒற்றைக் காலில் குதித்துத் துரத்திக்கொண்டே திசை மாறுவதற்குச் சமநிலையும் கெண்டைக்கால் பலமும் எவ்வளவு தேவை என்பது, சிறு வயதில் ஆடியபோது எனக்குத் தெரியாது.

நான்காம் நாள் தீர்த்தமலைக்குப் போனோம். அரூரை அடுத்த இந்த மலையில், பாறையிலிருந்து வடியும் ராம தீர்த்தம் உட்படப் பல தீர்த்தங்களும், மலைமேல் தீர்த்தகிரீசுவரர் கோயிலும் இருக்கின்றன. மே மாதத்து வெயிலில் பாறை சூடேறிவிட்டால் மலை ஏற முடியாது என்பதால், இருட்டிலேயே வீட்டைவிட்டுக் கிளம்பிப் பொழுது விடியும்போது அடிவாரத்தில் நின்றோம். ஏறுவது எனக்குக் கடினமாக இல்லை. ஏறும்போது பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி, ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது நான் கைக்கொள்ளும் எளிய அளவுகோல். அதன்படி அங்கங்கே நின்று, தண்ணீர் குடித்து, பைகளைக் குரங்குகளிடமிருந்து காப்பாற்றிக்கொண்டு மேலே சேர்ந்தோம். பாறையிலிருந்து விழும் தண்ணீரில் தலையை நனைத்தபோது ஏறிய களைப்பு மறந்துபோனது.

தவறு இறங்கும்போதுதான் நடந்தது. பிள்ளைகள் படிகளில் தடதடவென்று ஓடினார்கள், அவர்களைக் கண்பார்வையில் வைத்திருக்க நானும் அதே வேகத்தில் இறங்கினேன். வழியில், கையில் கோலோடு இறங்கிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா என்னை நிறுத்தி, “எறங்கறதுதான் கண்ணு கஷ்டம். பதறாத. காலப் பக்கவாட்டுல வச்சு எறங்கு” என்றார். அதற்குள் பாதி மலை இறங்கியிருந்தேன். மறுநாள் காலையில் இரண்டு தொடைகளும் கல்லாகியிருந்தன; திண்ணையில் உட்காரவும் எழவும் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போதோ அதே தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. நீளும்போது சுமை தாங்குவது தசை இழைகளை மிகுதியாக வருத்துவதால், அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாமல், ஒரு நாள் கழித்து வலி தொடங்கி, இரண்டு மூன்று நாள் உச்சத்தில் நின்று தானாகத் தணியும். விடுமுறையில் மலை ஏறப் போகிறவர்கள் முதல் இரண்டு நாளுக்குள் வைத்துக்கொள்ளாமல், வந்த நாள் முதல் சிறிது சிறிதாக நடந்து பழகிய பிறகு வைத்துக்கொள்வதும், இறங்குவதற்கு ஏறிய அளவு நேரத்தையாவது ஒதுக்குவதும் நல்லது. வலி வந்த பிறகு படுத்தே கிடப்பதைவிட மெல்ல நடமாடுவது சுகம் தரும் என்பதால், பால் தூக்கை நான் விடவில்லை. அடிகளை மட்டும் சுருக்கிக்கொண்டேன்.

அந்த வலிதான் என்னைக் கிணற்றுக்குக் கொண்டுபோனது.

எங்கள் வயல் கிணறு பாறையை உடைத்து வெட்டிய சதுரக் கிணறு. ஏறத்தாழ 50 அடி ஆழமும், ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு 30 அடி அகலமும் இருக்கும். மாடு கட்டிக் கவலை ஓட்டி நீர் இறைத்த காலத்துக் கல்தூண்கள் இரண்டு இன்னும் மேட்டில் நிற்கின்றன. கால்வாய்ப் பாசன நிலம் என்பதால் மே மாதத்திலும் 15 அடித் தண்ணீர் இருந்தது. அந்தக் கிணற்றில்தான் நான் ஏழு வயதில் நீச்சல் கற்றேன். காய்ந்த சுரைக்குடுக்கை இரண்டை முதுகில் கட்டி, கயிற்றின் மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பா கற்றுக்கொடுத்தார். 13 வயதில், வயதுக்கு வந்த பெண்பிள்ளை இனிமேல் கிணற்றில் இறங்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அன்று அது எல்லா வீட்டிலும் இருந்த வழக்கம். யாரும் மறுத்துப் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதன் பிறகு 28 ஆண்டுகளாக நான் எந்த நீரிலும் நீந்தியதில்லை. என் மகள் இப்போது ஏறத்தாழ அதே வயதில் நிற்கிறாள். அவளுக்கு நீச்சல் தெரியாது.

மகளுக்குக் கற்றுக்கொடுக்கலாமா என்று தம்பியிடம் கேட்டேன். தம்பி ஒரு கணம் அப்பாவைப் பார்த்தான். அப்பா, “மொதல்ல மோட்டார் மெயினை எறக்குடா” என்றார். அனுமதியும் பாதுகாப்பும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன. கிணற்றில் இறங்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான். மோட்டார் சுவிட்சை அணைத்தால் போதாது, மின் இணைப்பையே துண்டிக்க வேண்டும், கம்பிகள் உரிந்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். அடுத்ததாக, மூங்கில் கழியை விட்டுத் தண்ணீரின் ஆழத்தையும் அடியில் கல், கம்பி, ஒடிந்த கிளை எதுவும் இல்லை என்பதையும் தம்பி பார்த்தான். மேலிருந்து குதிப்பது யாருக்கும் கிடையாது, படி வழியாகத்தான் இறங்க வேண்டும், நீச்சல் தெரிந்த பெரியவர் இருவர் இல்லாமல் பிள்ளைகள் கிணற்று மேட்டுக்கே வரக் கூடாது என்று முன்கூட்டியே பேசிக்கொண்டோம். கோடை விடுமுறையில் கிணற்றிலும் ஏரியிலும் பிள்ளைகள் மூழ்கிய செய்தி வராத ஆண்டே இல்லை என்பதால், இந்த விதிகளில் எதையும் நான் தளர்த்தவில்லை.

இப்போது சுரைக்குடுக்கைக்குப் பதிலாக மூடி இறுகிய ஐந்து லிட்டர் எண்ணெய் கேன்கள். தம்பி இரண்டு கேன்களை மகளின் முதுகில் வைத்து, கயிற்றை அக்குளுக்குக் கீழே சுற்றி மார்பில் முடிச்சிட்டு, மறுமுனையை மேட்டில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் கொடுத்தான். முதல் நாள் முழுவதும் அவள் கல்படியைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் அடித்தாள். “முட்டிய மடக்காத, இடுப்புல இருந்து அடி” என்று அவளுடைய மாமா சொல்லிக்கொண்டே இருந்தான். இரண்டாம் நாள் முகத்தை நீருக்குள் வைத்து மூச்சை வெளியே விடப் பழகினாள். மூன்றாம் நாள் படியை விட்டாள். நீருக்குள் அவள் கண்கள் அகன்று பார்த்ததும், கேன்கள் அவளைத் தாங்குகின்றன என்று உடம்புக்குப் புரிந்த நொடியில் தோள்கள் தளர்ந்ததும் எனக்கு நன்றாகத் தெரிந்தன, ஏனென்றால் நான் கைக்கெட்டும் தொலைவில் கழுத்தளவு நீரில் அவள் பக்கத்தில்தான் இருந்தேன். ஐந்தாம் நாள் ஒரு கேன் போதும் என்றான் தம்பி. ஏழாம் நாள் அந்த ஒரு கேனிலும் பாதித் தண்ணீரை நிரப்பிக் கட்டினான். கேனில் நீர் ஏற ஏற அது தாங்கும் எடை குறையும், குறைந்த அளவை அவளுடைய கை கால்கள் ஈடுகட்ட வேண்டும். எந்தப் பயிற்சிக் கூடத்திலும் இதைவிடத் திட்டமாக ஒருவரைப் பழக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நானும் நீந்தினேன். சுடிதாரோடு படியிலிருந்து மெல்ல நழுவி நீருக்குள் போனபோது, தொடையிலிருந்த வலி முழுவதும் கரைந்ததுபோல் இருந்தது. கழுத்தளவு நீரில் நிற்கும்போது உடம்பின் எடையில் மிகச் சிறு பங்கையே கால்கள் சுமக்கின்றன. மூட்டு வலியும் கனத்த உடம்பும் உள்ளவர்களை நீருக்குள் நடக்கவும் நீந்தவும் சொல்வதன் காரணம் அதுதான். முதல் நாள் நான்கு முறை குறுக்கே போய் வந்ததும் படியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். எட்டாம் நாள் இருபது முறை போய் வந்தேன். அம்மா அந்த எட்டு நாளும் கிணற்றுப் பக்கம் வரவில்லை. ஆனால் நாங்கள் திரும்பும்போது தலை துவட்ட உலர்ந்த துண்டும், பெரிய குவளையில் கம்பங்கூழும் சின்ன வெங்காயமும் திண்ணையில் இருந்தன. நான் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன்.

சாப்பாட்டில் நான் எதையும் விலக்கவில்லை. கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் வாரத்தில் பாதி நாள் இருந்தன. விருந்து வீடுகளில் போட்டதையும் சாப்பிட்டேன். மாம்பழத்தை மட்டும் வயிறு நிறைந்த சோற்றுக்கு மேல் சாப்பிடாமல், கிணற்றிலிருந்து திரும்பிய முற்பகலில் ஒன்று என்று வைத்துக்கொண்டேன். இரவுச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து மாரியம்மன் கோயில் வரை போய் வருவோம். சாப்பிட்ட உடனே உட்காராமல் கொஞ்ச நேரம் நடந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம் தணிகிறது என்பது நன்றாகச் சோதித்து அறியப்பட்ட உண்மை. இதை நான் அப்பாவுக்காகத்தான் தொடங்கினேன். முதல் இரண்டு நாள் கால்வாய்ப் பாலத்தோடு திரும்பியவர், பிறகு பேரன் கையைப் பிடித்துக்கொண்டு கோயில் வரை வந்தார்.

ஒகேனக்கலுக்கும் ஒரு நாள் போனோம். பரிசலும் மீன் வறுவலும் பிள்ளைகளுக்குப் பிடித்தன. அங்கே காவிரியின் இழுப்பு கிணற்று நீச்சலுக்குக் கட்டுப்படாது என்பதால், பரிசலில் மிதவைச் சட்டையோடு உட்கார்ந்ததோடு சரி, ஆற்றில் யாரும் இறங்கவில்லை. 1957-இல் காமராசர் திறந்து வைத்த கிருஷ்ணகிரி அணைக்கு ஒரு மாலை போய்ப் பூங்காவில் நடந்து வந்தோம்.

கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். நிழலில்லாத அந்தப் பாறை மலை மே மாதத்தில் ஏறக்கூடியது அல்ல. 1791-இல் மைசூர்ப் போரின்போது ஆங்கிலேயப் படை இரவில் தாக்கியும் மேல் கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியது என்ற கதையை அப்பா சொன்னதிலிருந்து, அதை ஏறிப் பார்க்க வேண்டும் என்று மகன் நச்சரிக்கிறான். தை மாதக் குளிரில் ஏறலாம் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குள் சென்னையில் எங்கள் வீட்டு மாடிப்படிகளில் இறங்கும் பழக்கத்தை நான் தொடங்கிவிட்டேன். நாளைக்கு நான்கு முறை, ஒவ்வொரு படியாக, காலைப் பக்கவாட்டில் வைத்து.

கடைசி நாள் காலையில் மகள் கேனைக் கட்ட வேண்டாம் என்றாள். கயிறு மட்டும் இடுப்பில் இருந்தது. அப்பா அதைத் தளர்வாகப் பிடித்திருந்தார். வடக்குச் சுவரிலிருந்து தெற்குச் சுவருக்கு 30 அடியை அவள் கடந்தபோது கயிறு ஒரு முறைகூட இறுகவில்லை. எதிர்ச்சுவரின் கல்லைப் பிடித்துத் திரும்பிப் பார்த்து, “மாமா, பொங்கலுக்குத் தண்ணி எவ்வளவு இருக்கும்?” என்று கேட்டாள். இப்போது இருப்பதைவிட 10 அடி கூடுதலாக இருக்கும் என்றான் தம்பி.